73-ஐ நிரூபித்த வல்லத்துக்காரர்

டிசம்பர் 22 வந்தால் நம்ம ஊர்க் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ராமானுஜன் படத்துக்கு மாலை விழும். 2012-லிருந்து அது தேசிய கணித தினம். சின்ன வயசில் கொஞ்ச காலம் காஞ்சிபுரத்தில் படித்தவர் என்பதால், உத்திரமேரூர்ப் பக்கம் இருக்கிற நமக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. அவர் கதை எல்லாருக்கும் தெரியும். சினிமாவாகவே வந்துவிட்டது.

இந்த இதழில் சொல்லப்போவது இன்னொரு தமிழரைப் பற்றி. ராமானுஜன் இறந்தபோது இவருக்கு வயது 19. தாயும் தகப்பனும் இல்லாத கிராமத்துப் பையன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் படித்ததில்லை. ஆனால் 1770-ல் இங்கிலாந்தில் ஒருவர் போட்ட ஒரு கணக்குக்குப் பெரும்பகுதி விடையைச் சிதம்பரத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்தவர். பெயர் சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகத்தில் எஸ்.எஸ்.பிள்ளை.

எம்-1, எம்-2 பேப்பரில் இவர் பெயர் வராது. அதனாலேயே நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது. ஆனால் நம்பர் தியரி படிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை யூகம், பிள்ளை சார்பு, பிள்ளை பகா எண்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள்.

வல்லம், செங்கோட்டை, நாகர்கோவில்

1901 ஏப்ரல் 5-ல் பிள்ளை பிறந்தார். ஊர் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வல்லம். அப்போது திருநெல்வேலி ஜில்லா, இப்போது தென்காசி மாவட்டம். அப்பா சுப்பய்யா பிள்ளை, அம்மா கோமதி அம்மாள். சங்கரன்கோவில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே சுவாமி சங்கரநாராயணர், அம்பாள் கோமதி. அந்தச் சீமையில் வீட்டுக்கு வீடு இந்தப் பெயர்கள்தான்.

பிள்ளைக்கு ஒரு வயது ஆனபோது அம்மா இறந்துபோனார். உறவுக்காரப் பாட்டி ஒருவரின் துணையோடு அப்பாதான் வளர்த்தார். பையன் செங்கோட்டைப் பள்ளிக்குப் போனான், கணக்கு நன்றாக வந்தது. பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் அப்பாவும் இறந்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நம்ம வகுப்பிலேயே முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! வீட்டில் சம்பாதிக்கிற ஒரு ஆள் படுத்துவிட்டால் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் என்ன ஆகும் என்ற பயம் இன்றைக்கும் நிறையப் பேருக்கு உண்டு. உதவித்தொகை, அரசுச் சலுகை, கல்விக் கடன் என்று ஏதோ ஒரு வழி இருக்கிற இந்தக் காலத்திலேயே இப்படி என்றால், நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அநாதைப் பையன் படிப்பை நிறுத்திவிட்டு எங்காவது கணக்கெழுதப் போவதுதான் நடக்கக்கூடியது.

அது நடக்கவில்லை. காரணம், சாஸ்திரியார் என்ற ஒரு பள்ளி ஆசிரியர். பையனின் கணக்கு மூளையை அவர் முன்னாலேயே கவனித்து வைத்திருந்தார். அப்பா போன பிறகு பண உதவி செய்து படிப்பைத் தொடர வைத்தார். கணித வரலாற்றில் அந்த ஆசிரியர் செய்த காரியம் இது ஒன்றுதான், ஆனால் இது இல்லாவிட்டால் மீதிக் கதையே கிடையாது.

பள்ளி முடித்ததும் உதவித்தொகை கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். இன்னொரு உதவித்தொகையில் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்குப் போய் பி.ஏ. முடித்தார். செங்கோட்டை, நாகர்கோவில், திருவனந்தபுரம் மூன்றுமே அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். பிள்ளை போன வழி அந்தக் காலத்துத் தென்கோடிப் பையன்கள் பலரும் போன வழிதான். அங்கிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மாணவராக வந்தார். கூட்டத்திலிருந்து அவர் பிரிந்தது அங்கேதான்.

சென்னையில் அவருக்குக் கிடைத்த வழிகாட்டி கே.ஆனந்த ராவ். கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் படித்தவர், ராமானுஜன் அங்கே இருந்த அதே நாட்களில் தானும் அங்கே இருந்தவர். திரும்பி வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஹார்டி, லிட்டில்வுட் இருவரும் வளர்த்த கணித முறைகள் ஆனந்த ராவ் வழியாகச் சென்னைக்கு வந்தன. பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. ராமானுஜன் கப்பல் ஏறிப் போய்ப் பார்த்த உலகத்தை இவர் சென்னையிலேயே இருந்து படித்துக்கொண்டார்.

சிதம்பரத்தில் 12 வருஷம்

1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதே வருஷம் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்கேதான். அவருடைய பெரிய வேலைகள் எல்லாம் இந்த 12 வருஷத்தில் வந்தவை.

புதுப் பல்கலைக்கழகம் என்றால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நூலகத்தில் அப்போதுதான் புத்தகம் சேர்ந்துகொண்டிருக்கும். ஐரோப்பாவிலிருந்து ஒரு இதழ் வர வேண்டும் என்றால் கப்பலில் வர வேண்டும். கம்ப்யூட்டர் என்ற பொருளே உலகத்தில் கிடையாது. ஒரு லெக்சரர் வகுப்பு எடுத்துவிட்டு வந்து, பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பக்கத்தில் பேச ஆள் குறைவு என்பதால் தபாலில் பேசினார். இந்தியாவின் இன்னொரு பெரிய எண்ணியல் அறிஞர் எஸ்.சௌலா. அவருக்கும் பிள்ளைக்கும் தொடர்ந்து கடிதப் போக்குவரத்து இருந்தது. இருவரும் சேர்ந்து கட்டுரைகளும் எழுதினார்கள். நாம் இப்போது குரூப்பில் கணக்கை போட்டோ எடுத்துப் போட்டு டவுட் கேட்கிறோமே, அதைத்தான் அவர்கள் தபாலில் செய்தார்கள். பதில் வரும்வரை பொறுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாரிங் போட்ட கணக்கு

இப்போது அந்த 1770 கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், இன்டகிரேஷன் எதுவும் இல்லை.

ஒரு ஊரில் 1 ரூபாய், 4 ரூபாய், 9 ரூபாய், 16 ரூபாய், 25 ரூபாய் என்று வர்க்க எண்களில் மட்டும் நோட்டு அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் 7 ரூபாய் கொடுக்க வேண்டும். ஒரு 4, மூன்று 1. மொத்தம் நான்கு நோட்டு. இதைவிடக் குறைவாக முடியாது. எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் நான்கு நோட்டுக்கு மேல் தேவையே படாது என்று லக்ராஞ்ச் 1770-ல் நிரூபித்தார்.

இதே ஊரில் கன எண்களில் நோட்டு அடித்தால்? 1, 8, 27, 64 என்று போகும். 23 ரூபாய் கொடுக்க இரண்டு 8, ஏழு 1. மொத்தம் ஒன்பது. நான்காம் அடுக்கில் அடித்தால் 1, 16, 81 என்று போகும். 79 ரூபாய்க்கு நான்கு 16, பதினைந்து 1. மொத்தம் பத்தொன்பது.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்டு வாரிங் அதே 1770-ல் சொன்னது இதுதான்: வர்க்கத்துக்கு 4, கனத்துக்கு 9, நான்காம் அடுக்குக்கு 19, இப்படியே எந்த அடுக்கை எடுத்தாலும் இத்தனை போதும் என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். நிரூபணம் எதுவும் கொடுக்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படி ஒரு எண்ணிக்கை ஒவ்வொரு அடுக்குக்கும் நிச்சயமாக இருக்கிறது என்று ஹில்பர்ட் நிரூபிக்க 1909 ஆகிவிட்டது. அதுவும் இருக்கிறது என்று மட்டும்தான். அது எவ்வளவு என்று ஹில்பர்ட் சொல்லவில்லை.

எவ்வளவு என்பதற்கு ஒரு துப்பு மட்டும் முன்னாலேயே இருந்தது. பெரிய ஆய்லரின் மகன் ஒரு வாய்ப்பாட்டைக் கவனித்திருந்தார். ஆறாம் அடுக்கை எடுத்துப் பார்ப்போம். 2-ஐ ஆறு முறை பெருக்கினால் 64. 3/2-ஐ ஆறு முறை பெருக்கினால் 11.39, அதில் முழு எண் 11. 64-ம் 11-ம் கூட்டி 2-ஐக் கழித்தால் 73. குறைந்தபட்சம் 73 தேவை என்று காட்டுவது சுலபம். 703 என்ற எண்ணை எடுங்கள். 3-இன் ஆறாம் அடுக்கு 729. அது 703-ஐவிடப் பெரியது, உதவாது. இருப்பது 64-ம் 1-ம் மட்டும். பத்து 64 போட்டால் 640, பாக்கி 63-க்கு ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். 10-ம் 63-ம் சேர்த்து 73. ஆக 73-க்குக் குறைய முடியாது.

ஆனால் 73 எல்லா எண்களுக்கும் போதுமா? 703-ஐவிட மோசமான எண் எங்கோ கோடிகளுக்கு அப்பால் ஒளிந்திருந்தால்? இதுதான் கஷ்டமான பாதி.

1930-களின் நடுவில் ரஷ்யாவில் வினோகிராதோவ் ஒரு வலுவான முறையைக் கொண்டுவந்தார். அது மிகப் பெரிய எண்களைக் கவனித்துக்கொள்ளும். சின்ன எண்களைக் கையால் போட்டுப் பார்த்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், கையால் போகக்கூடிய தூரத்துக்கும் அந்த முறை வேலை செய்ய ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவே வானத்துக்கும் பூமிக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளியை அடைத்துப் பாலம் கட்ட வேண்டும். ஒரு கோடி எண்ணைச் சரிபார்க்கிற லூப் எழுத முடியாத காலத்தில், தர்க்கத்தை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும்.

1935, 36 வாக்கில் பிள்ளை அந்தப் பாலத்தைக் கட்டினார். ஏழாம் அடுக்கிலிருந்து மேலே, அந்த வாய்ப்பாடு கொடுக்கும் எண்ணிக்கையே சரியான விடை என்று நிரூபணம் வந்தது. 3/2-இன் அடுக்கில் வரும் பின்னப் பகுதி ஒரு எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற ஒரு சின்ன நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை மீறும் அடுக்கு ஒன்றுகூட இன்றுவரை சிக்கவில்லை. 1990-க்குள் 47 கோடியே 16 லட்சம் வரை கம்ப்யூட்டர் வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

சிகாகோவும் சிதம்பரமும்

கதையின் திருப்பம் இங்கே. ஏறக்குறைய அதே நேரத்தில் அதே விடையை அமெரிக்காவில் இன்னொருவரும் கண்டுபிடித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்.இ.டிக்சன். எண்ணியலின் வரலாற்றை மூன்று பெரிய தொகுதிகளாக எழுதியவர். அந்தத் துறையில் அமெரிக்காவிலேயே பெரிய பெயர். இந்தப் பக்கம் ஆறேழு வயதே ஆன ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர். இருவரும் தனித்தனியாக, ஒருவர் வேலையை இன்னொருவர் பார்க்காமல் செய்தார்கள்.

யார் முதல் என்பதில் பிறகு பேச்சு எழுந்தது. பிள்ளை தன் கட்டுரைகளை அதிகமாக அனுப்பியது இந்திய இதழ்களுக்கு. இந்தியக் கணிதக் கழகத்தின் இதழ் ஒன்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழ் இன்னொன்று. ராமானுஜனின் முதல் கட்டுரை 1911-ல் வந்ததும் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில்தான், அதனால் அது சாதாரண இதழ் இல்லை. ஆனால் சிதம்பரத்தில் அச்சான ஒன்று சிகாகோவிலோ கேம்பிரிட்ஜிலோ ஒரு மேசைக்குப் போய்ச் சேர்வது அவ்வளவு சுலபமில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு உதாரணம் சொல்கிறேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் அதே சுவரில் எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தன. கல்வெட்டுத் துறையினர் படியெடுத்து, படித்து, அச்சில் போட்ட பிறகுதான் உலகம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. பிள்ளை எழுதியதும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது. சுவரில் இருந்தது, வந்து படித்தவர்கள் குறைவு.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. வாரிங் கணக்கைப் பற்றி எழுதும் புத்தகங்கள் டிக்சன், பிள்ளை இருவர் பெயரையும் சேர்த்தே போடுகின்றன.

ஆறாம் அடுக்கு மட்டும் யாருக்கும் பிடிபடாமல் நின்றது. இதில் ஒரு வேடிக்கை, அடுக்கு சின்னதாக ஆக ஆகக் கணக்கு கடினமாகிறது. ஏழுக்கு மேல் வேலை செய்த முறை ஆறுக்கு வேலை செய்யவில்லை. பிள்ளை விடவில்லை. 1940-ல் தனியாக அதையும் முடித்தார். ஆறாம் அடுக்கில் எந்த எண்ணுக்கும் 73 போதும். இதில் பங்குக்கு யாரும் இல்லை, முழுக்க அவருடையது.

அதற்குப் பிறகு ஐந்தாம் அடுக்குக்கு விடை 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் நிரூபித்தது 1964-ல். நான்காம் அடுக்குக்கு 19 என்ற வாரிங்கின் பழைய கூற்று நிரூபணமானது 1986-ல். அதைச் செய்த மூவரில் இருவர் பிரெஞ்சுக்காரர்கள், மூன்றாமவர் நம்ம ஆர்.பாலசுப்ரமணியன், சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பின்னாளில் இருந்தவர். 1770-ல் போட்ட கணக்கு, 216 வருஷம். அதில் இரண்டு முக்கியமான படிகளில் தமிழ்நாட்டுக்காரர் கை இருக்கிறது.

லேப்பில் போட்டுப் பார்க்கலாம்

பிள்ளையின் மற்ற வேலைகளில் சிலவற்றை நம்ம கம்ப்யூட்டர் லேப்பிலேயே போட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, 1933-ல் அவர் அறிமுகப்படுத்திய ஒரு சார்பு. ஒரு எண்ணை எடுங்கள், உதாரணமாக 6. 1 முதல் 6 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் 6-க்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடியுங்கள்: 1, 2, 3, 2, 1, 6. எல்லாவற்றையும் கூட்டினால் 15. இதுதான் பிள்ளை சார்பு. முதல் வருஷம் சி படிப்பவர்கள்கூட பத்து வரியில் எழுதிவிடலாம்.

இரண்டாவது, அடுத்தடுத்த எண்கள். 16 அல்லது அதற்குக் குறைவான அடுத்தடுத்த எண்களை எங்கிருந்து எடுத்தாலும், அவற்றில் ஒன்றாவது மற்ற எல்லாவற்றோடும் பொது வகுத்தி இல்லாமல் தனித்து நிற்கும் என்று பிள்ளை நிரூபித்தார். 17 எண்கள் எடுத்தால் இது உடைந்துவிடும். 2184 முதல் 2200 வரை 17 எண்கள். இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் இன்னொன்றோடு ஏதாவது ஒரு பொது வகுத்தி இருக்கிறது. 2189 தனியாக நிற்பதுபோல் தோன்றும், ஆனால் அது 11 வாய்ப்பாட்டில் வரும், 2200-ம் வரும். 2197 என்பது 13-இன் கனம், 2184-ம் 13-ஆல் வகுபடும். போட்டுப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. பிள்ளை இதைப் பொழுதுபோக்குக்குச் செய்யவில்லை. அடுத்தடுத்த எண்களின் பெருக்கல் ஒருபோதும் முழு அடுக்காக வராது என்ற பழைய கேள்வியை நோக்கி அவர் போட்ட படி இது. அந்தக் கேள்வியை எர்டோஷ், செல்ஃப்ரிட்ஜ் இருவரும் 1975-ல் முழுதாக முடித்தார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. முழு அடுக்கு எண்களை வரிசையாக எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128. இவற்றில் ஏதாவது இரண்டுக்கு இடையே வித்தியாசம் 1 வருவது 8, 9 ஜோடியில். 2 வருவது 25, 27-ல். 3 வருவது 1, 4-லும் 125, 128-லும். பிள்ளை என்ன சொன்னார் என்றால், எந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டாலும் அதைக் கொடுக்கும் ஜோடிகள் ஒரு எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும், முடிவில்லாமல் போகாது. 1930-களிலும் பிறகு 1945-லும் இதை எழுதிவைத்தார். இதுதான் பிள்ளை யூகம்.

வித்தியாசம் 1 என்பது மட்டும் கேட்டலான் என்பவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கேட்ட கேள்வி. 8, 9 தவிர வேறு கிடையாது என்று மிஹைலெஸ்கு 2002-ல் நிரூபித்தார், உலகச் செய்தி ஆனது. 2-க்கோ 3-க்கோ இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இவ்வளவு எளிமையாகச் சொல்லக்கூடிய ஒரு விஷயம், எண்பது வருஷத்துக்கு மேலாகத் திறந்தே கிடக்கிறது.

கல்கத்தா, பிறகு கெய்ரோ

1941-ல் பிள்ளை அண்ணாமலையை விட்டுத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஒரு வருஷம். 1942-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. கூப்பிட்டவர் எஃப்.டபிள்யூ.லெவி. ஹிட்லரின் ஜெர்மனியில் யூதர் என்பதற்காக வேலை பறிக்கப்பட்டு, கல்கத்தாவுக்கு வந்து கணிதத் துறையை நடத்தியவர்.

அது கல்கத்தாவுக்குக் கெட்ட காலம். 1942 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1943-ல் வங்கப் பஞ்சம், தெருவிலேயே மக்கள் செத்து விழுந்தார்கள். உலகப் போரால் வெளிநாட்டு இதழ்கள் வருவதே அரிது. அந்த நிலைமையிலும் பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். 1945-ல் அந்த யூகத்தோடு தொடர்புள்ள கட்டுரை கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில்தான் வந்தது.

போர் முடிந்தது. 1936-ல் ஓஸ்லோவில் கூடிய உலகக் கணித மாநாடு அதற்குப் பிறகு 14 வருஷம் கூடவில்லை. 1950-ல் மறுபடி கூட்டினார்கள். இடம் அமெரிக்காவின் ஹார்வர்டு. ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 6 வரை. பிள்ளைக்கு அழைப்பு வந்தது. அதோடு பிரின்ஸ்டனில், ஐன்ஸ்டைன் இருந்த அந்த உயர் ஆய்வு நிறுவனத்தில், ஒரு வருஷம் தங்கி ஆராய்ச்சி செய்யவும் அழைப்பு.

வல்லத்துப் பையனுக்கு இப்போது 49 வயது. வாழ்நாள் முழுக்க தபாலிலும் இதழ்களிலும் மட்டும் பார்த்த உலகத்தை நேரில் பார்க்கப் போகிறார். கிடைத்தது கிடைத்தபடி இந்தியாவுக்குள் இருந்தே இவ்வளவு செய்தவர், ஒரு வருஷம் முழுதாக ஆராய்ச்சிக்கு மட்டும் கிடைத்தால் என்ன செய்திருப்பார்?

பம்பாயிலிருந்து நியூயார்க் போகும் டி.டபிள்யூ.ஏ. விமானம். கான்ஸ்டெல்லேஷன் வகை, நான்கு எஞ்சின். வழியில் கெய்ரோவில் இறங்கி ஏறியது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு எஞ்சின் தீப்பிடித்தது. ஆகஸ்ட் 31 விடியும் முன் கெய்ரோவுக்கு வடமேற்கே விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 55 பேரும் இறந்தார்கள். அவர்களில் பிள்ளையும் ஒருவர். ஹார்வர்டில் மாநாடு முந்தின நாளே தொடங்கியிருந்தது.

சிவில் படிக்கிறவர்கள் கவனிக்க: அதே விமானத்தில் மேத்யூ நோவிக்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞரும் இருந்தார். புதிதாகக் கட்டப்போகும் சண்டிகர் நகரத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தவர். அவர் இறந்த பிறகுதான் அந்த வேலை லெ கொர்பூசியேக்குப் போனது. சண்டிகர் வரலாற்றில் அந்த விபத்துக்கு ஒரு இடம் உண்டு. தமிழ்நாட்டில் அதே விபத்து ஏறக்குறைய மறந்தே போய்விட்டது.

மீதி

பிள்ளை இறந்து 60 வருஷம் கழித்து, 2010-ல், அவருடைய கட்டுரைகள் எல்லாம் இரண்டு தொகுதிகளாகச் சேர்ந்து வந்தன. ராமானுஜன் கணிதக் கழகம் வெளியிட்டது. தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் ஆர்.தங்கதுரை. இன்னொருவர், வாரிங் கணக்கில் நான்காம் அடுக்கை முடித்த அதே ஆர்.பாலசுப்ரமணியன். பழைய பல்கலைக்கழக இதழ்களில் சிதறிக் கிடந்ததைத் தேடி எடுத்து, சௌலாவோடு நடந்த கடிதங்களையும் சேர்த்துப் போட்டார்கள். கல்வெட்டு படியெடுத்த மாதிரிதான்.

ராமானுஜன் கதையைக் கேட்கும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர் பிறவி மேதை, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். பிள்ளை கதையில் அந்த வசதி கிடையாது. ஒரு ஆசிரியரின் பணம், இரண்டு உதவித்தொகை, ஒரு நல்ல வழிகாட்டி, ஒரு லெக்சரர் வேலை, தபால்காரர். இவ்வளவு போதுமானதாக இருந்தது. அதில் முதல் ஒன்று தவறியிருந்தால் மற்ற நான்கும் வந்திருக்காது.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன முழு அடுக்கு எண்களில், வித்தியாசம் 1, 2, 3, 4, 5 எல்லாவற்றுக்கும் ஜோடி இருக்கிறது. 4-க்கு 32, 36. 5-க்கு 4, 9. வித்தியாசம் 6 வருகிற ஜோடி மட்டும் ஒன்றுகூட இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. அடுத்த ஃப்ரீ பீரியடில் லேப் திறந்திருந்தால், பைதானில் ஒரு லூப் எழுதி ஓடவிட்டுப் பாருங்கள்.